பழம் காணப்படவில்லை

முதன்முதலில் அவர் என்னிடம் பேசியது ஒரே ஓர் எழுத்தைப் பற்றி.

நிக்கோபாரில், கச்சால் தீவில் ரப்பர் நாற்றங்கால் வாசலில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். அதில் வெள்ளைப் பெயின்ட்டில் ரப்பர் மரத்தின் தாவரவியல் பெயர், ஹெவியா என்று தொடங்கும் லத்தீன் பெயர். போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய மறுநாள் காலை, அதன் முன்னால் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் தாவரவியல் படித்தவன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில், தீவு தீவாகப் போய்ச் செடிகளைச் சேகரித்து, பழைய செய்தித்தாளுக்குள் அழுத்தி உலர்த்தி, பெயர் எழுதி வைக்கிற வேலை எனக்கு. நாற்றுப் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் எழுந்து, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெயிலுக்குத் தலையில் ஒரு சாக்கை மடித்துப் போட்டிருந்தார்.

"சார் ஆபீசுங்களா? அந்தப் போர்டுல ஒரு எழுத்து பிழைங்க."

"எது?"

"ரெண்டாவது வார்த்தை, கடேசிக்கு முந்தின எழுத்து. 'யூ' போட்டுட்டாங்க, 'ஐ' வரணும். ஹெவியா பொம்பளப் பேருங்க. பொம்பளைக்கு 'சுஸ்'னு வராது, 'சிஸ்'னுதான் வரும்."

அதற்குள் நாற்றங்கால் சூப்பர்வைசர் பின்னாலிருந்து சத்தம் போட்டான். "ஏ சிலோன்வாலி! பாத் நஹி, காம் கரோ!" சிலோன்காரி, பேச்சை விட்டு வேலையைப் பார் என்று அர்த்தம். அவர் திரும்பிப் போய் மண்ணில் உட்கார்ந்துகொண்டார்.

நான் பலகையைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. எம்.எஸ்ஸி. முடித்து, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தவன் அதைத்தான் கால் மணி நேரமாகப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன்.

சிலோனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தேயிலைத் தோட்டக் குடும்பங்களை அப்போதுதான் ரப்பர் வேலைக்காக அந்தத் தீவில் குடியேற்றியிருந்தார்கள். வரிசை வீடுகளுக்கு அவர்கள் சிலோனில் வழங்கிய பெயரையே வைத்து லயம் என்று சொன்னார்கள். லயத்தில் எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். சிலர் மரியாதையாக, சிலர் கேலியாக. அவருடைய பெயர் எனக்குத் தெரியும். அது அச்சில் வந்திருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அங்கே அதை எழுதாதவனுக்கு இங்கே எழுத உரிமையில்லை.

அவரைப் பற்றி லயத்தில் கேட்டால் முதலில் சொல்வது லத்தீனை அல்ல. "அந்தம்மாட்ட ஒன்னும் பேச முடியாதுங்க" என்பார்கள். காரணம், யார் என்ன சொன்னாலும் அவர் ஒரே கேள்வி கேட்பார்: "நீங்க பாத்தீங்களா?" அந்த வீட்டுக்காரன் நேற்று குடித்துவிட்டு வந்தானாம். "பாத்தீங்களா?" ஓடையில் முதலை வந்துவிட்டதாம். "பாத்தீங்களா?" மடக்குவதற்காகக் கேட்கிற தொனியே இருக்காது. பார்த்திருந்தால் மேலே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஆவல்தான் இருக்கும். ஆனால் கேட்டவுடன் பேச்சு நின்றுவிடும். அதனால் குழாயடியில் அவர் வந்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

நான் அங்கே இருந்தபோதே ஒன்று நடந்தது. ஒட்டுக் கட்டுகிற கத்தி ஒன்று காணாமல் போனது. ஒரு பெண் எடுத்துவிட்டாள் என்று சூப்பர்வைசர் ஒரு தாள் எழுதி, எல்லோரிடமும் கைநாட்டு வாங்கிக்கொண்டிருந்தான். டீச்சர் தாளை வாங்கிப் படித்தார்.

"இதுல, அந்தப் புள்ள எடுத்தத நாங்க பாத்தோம்னு எழுதியிருக்குங்க. நான் பாக்கல."

"சப் லோக் போல்தா ஹை!" என்றான் அவன். எல்லோரும் சொல்கிறார்கள்.

"சொல்லட்டுங்க. நான் பாக்கல."

மறுநாள் அவரை நிழல் கொட்டகையிலிருந்து மாற்றி, முள்பிரம்பு வெட்டுகிற இடத்துக்கு அனுப்பிவிட்டான். சாயங்காலம் பார்த்தபோது முன்கை இரண்டிலும் கோடு கோடாகக் கீறல். இத்தனைக்கும் அந்தக் குற்றம் சாட்டப்பட்ட பெண்ணுக்கும் இவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. கத்தி கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது.

நான் ஒரு வாரத்தில் திரும்பியிருக்க வேண்டியவன். கடல் மோசமாகி, வரவேண்டிய கப்பல் தள்ளிக்கொண்டே போனது. மூன்று வாரம் தங்கினேன். அதனால்தான் அவரோடு இவ்வளவு பழக்கம்.

சிலோன் மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தாய் தகப்பன் இல்லாமல் போகவே கன்னியாஸ்திரிகள் எடுத்து வளர்த்திருக்கிறார்கள். அவர்கள் பள்ளிக்கூடத்திலேயே படித்து, அங்கேயே சின்ன வகுப்புகளுக்கு லத்தீன் டீச்சர் ஆகியிருக்கிறார். அந்தக் காலத்தில் டாக்டருக்கும் வக்கீலுக்கும் படிக்கப் போகிறவர்களிடம் அங்கே லத்தீன் கேட்பார்களாம்.

"அப்ப எல்லாரும் விரும்பிப் படிச்சாங்களா?" என்று கேட்டேன்.

"எங்கங்க? பாஸ் பண்ணின மறுநாளு புத்தகத்தத் தங்கச்சிகிட்ட குடுத்துருவாங்க. அத்தோட முடிஞ்சிது."

"பின்ன எதுக்கு அது?"

"எந்த வார்த்தை எந்த வார்த்தையோட சேருதுன்னு பாக்காம அதுல அர்த்தம் சொல்ல முடியாதுங்க. அவசரப்பட்டா பிழையாப் போகும். சின்னப் பிள்ளைங்களுக்கு அது நல்லதுன்னு நான் நெனச்சேன். பெரியவங்க அப்படி நெனைக்கல." பிறகு, யாரையும் குற்றம் சொல்லாத குரலில் சொன்னார்: "முதல்ல லத்தீன் வேணாம்னாங்க. அப்புறம் எங்களையும் வேணாம்னுட்டாங்க."

பாடம் நின்ற பிறகு தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவரைக் கல்யாணம் செய்திருக்கிறார். கணவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. இவரும் கூடவே கப்பலேறினார். இங்கே வந்து இறங்கிய முகாமில் தொழில் என்ற இடத்தில் அதிகாரி யாரையும் கேட்காமல் கூலி என்று எழுதினாராம். "நான் சொல்லிப் பாத்தேங்க. 'லத்தீனா? அது என்ன தொழில்?'னு கேட்டாரு."

என் விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தப் பயணத்தில் ஓடைக் கரையில் ஒரு சின்ன மரத்தைக் கண்டேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத மரம். புதிய இனம் என்று அப்போதே எனக்குத் தோன்றிவிட்டது. ஒரு செடியைப் புதிய இனம் என்று உலகத்துக்குச் சொல்ல வேண்டுமானால், அதன் விவரத்தை லத்தீனில் எழுதி அச்சிட வேண்டும் என்பது அன்றைய விதி. எவ்வளவு நல்ல ஆராய்ச்சியானாலும் அந்த ஒரு பத்தி லத்தீன் இல்லாவிட்டால் செல்லாது. எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒருவருக்கும் லத்தீன் தெரியாது. "எழுதறவனுக்கும் புரியாது, படிக்கறவனுக்கும் புரியாது. ஆனா இருக்கணும்" என்பார் என் பேராசிரியர். பழைய கட்டுரைகளிலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்து ஒட்டிவிடுவதுதான் வழக்கம்.

நானும் அப்படி ஒரு பத்தி ஒட்டியிருந்தேன். அதை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். அவர் வீட்டு வாசலில், கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டிமேல் செய்தித்தாளை விரித்து, செடியையும் பத்தியையும் வைத்தேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, பென்சிலை எடுத்து, முதல் வார்த்தையிலேயே நின்றார்.

"ஆர்போர் பார்வுஸ். ஆர்போர்னா மரந்தானுங்களே? மரம் பொம்பளைங்க. பார்வான்னு வரணும்."

"முடிவு 'ஓர்'னு இருக்கே டீச்சர். ஆண்பால்னு நெனச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நெனப்பாங்க. முதலாம் தவணைப் பரீட்சையில இதத்தான் நான் கேக்கிறது. வக்கீல் வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் இங்கதான் விழும்." அப்போதுதான் அவர் சிரித்து முதன்முறையாகப் பார்த்தேன்.

நான்கு சாயங்காலங்கள் உட்கார்ந்தோம். செடியின் உறுப்புகளுக்கான சொற்கள் அவருக்குத் தெரியாது. அதை நான் கையேட்டிலிருந்து கொடுத்தேன். அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து வாக்கியமாக நிறுத்தியது அவர். பின்னாளில் என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ள இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்: சொல்லெல்லாம் நான் கொடுத்ததுதானே.

கடைசி நாள் பழத்தைப் பற்றிய வரிக்கு வந்தோம். சிவப்பு, உருண்டை, எலுமிச்சை அளவு என்று எழுதியிருந்தேன். அவர் செய்தித்தாளை இப்படியும் அப்படியும் புரட்டினார்.

"பழம் எங்கங்க?"

"பழம் கிடைக்கல. காட்டுக்குக் கூட வந்த நிக்கோபாரிக்காரர் சொன்னார், செவப்பா உருண்டையா இருக்கும்னு."

"நீங்க பாத்தீங்களா?"

"அவர் பொய் சொல்ல மாட்டார் டீச்சர். பிறந்ததிலேர்ந்து இந்தக் காட்டுல இருக்கறவர்."

"அவரு சொல்றது மெய்யாவே இருக்கட்டுங்க. எழுதுறது நீங்கதானே? நீங்க பாத்தீங்களா?"

"பழம் இல்லாட்டி விவரம் அரைகுறையா இருக்கும். பேராசிரியர் ஒத்துக்க மாட்டார்."

"காணலைன்னா, காணலைன்னு எழுதலாங்க. அதுக்கும் லத்தீன் இருக்கு." என் வரியை ஒரே கோடாக அடித்துவிட்டு, மேலே மூன்று வார்த்தை எழுதினார். ஃப்ருக்துஸ் நோன் வீசுஸ். பழம் காணப்படவில்லை.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

கப்பல் வருகிற செய்தி வந்த அன்று அவர் விருந்தினர் விடுதிக்கு என்னைத் தேடி வந்தார். உள்ளே வரச் சொன்னேன். படியிலேயே நின்றுகொண்டார். அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்று கேட்டார்.

லயத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. இருந்தது ஹிந்தி வாத்தியார் ஒருவர் மட்டும். அந்த வேலைக்கு இவர் மனுப் போட்டிருக்கிறார். சான்றிதழ் கப்பல் பயணத்தில் நனைந்து முத்திரை அழிந்துபோயிருந்தது. படித்த பள்ளிக்கூடத்துக்கு எழுதினால் பதில் இல்லை. படித்தவர்தான் என்று ஏதாவது ஓர் அரசாங்க அலுவலகம் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்று கல்வி அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

"நான் எழுதினத வச்சு ஒரு காயிதம் குடுத்தீங்கன்னா போதுங்க. நான் நல்ல டீச்சர்னு எழுத வேணாம். அத நீங்க பாக்கல. லத்தீன் எழுதினேன்னு மட்டும் எழுதுங்க. அத நீங்க பாத்தீங்க."

"கண்டிப்பா டீச்சர். போன உடனே எங்க ஆபீசர் கையெழுத்தோட அனுப்பறேன். கட்டுரையிலயும் உங்க பேரப் போட்டு நன்றி சொல்லுவேன். ஒரு பிரதி உங்களுக்கு வரும்."

"பேரெல்லாம் எதுக்குங்க" என்றார். ஆனால் முகம் மலர்ந்துவிட்டது. அந்த முகத்தைத்தான் நான் இத்தனை வருஷமாக மறக்கப் பார்க்கிறேன்.

சொல்லும்போது நான் பொய் சொல்லவில்லை. போர்ட் பிளேர் வந்த வாரமே கடிதத்தைத் தட்டச்சு செய்யத் தாளைச் செருகவும் செய்தேன். அதை முடிப்பதற்குள், நான் அனுப்பிவைத்திருந்த பத்தியைப் பார்த்துவிட்டுப் பேராசிரியர் எழுதிய கடிதம் வந்தது. "லத்தீன் பிரமாதம். யாரைப் பிடித்தாய்? எந்தப் பாதிரியார்?" நாற்றங்காலில் மண் நிரப்புகிற ஒரு பெண் என்று எழுதினால் என்ன நினைப்பார்? துறை முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். முனைவர் பட்டத்துக்கான ஆராய்ச்சியைக் கூலிக்காரியிடம் எழுதி வாங்கியவன் என்று பெயர் நிற்கும். "நானே முயன்று கற்றுக்கொண்டேன்" என்று பதில் எழுதிவிட்டேன்.

அந்த ஒரு வரிக்குப் பிறகு மற்றதெல்லாம் தானாக நடந்தது. நானே எழுதியது என்று சொன்ன பிறகு, அவர் எழுதினார் என்று அலுவலகத் தாளில் எப்படிக் கடிதம் கொடுப்பது? அடுத்த கப்பலுக்கு அனுப்பலாம் என்று இரண்டு கப்பலை விட்டேன். பிறகு கப்பலை எண்ணுவதை விட்டுவிட்டேன். கட்டுரை அச்சில் வந்தது. நன்றிப் பகுதியில் என் அதிகாரிக்கு நன்றி, பேராசிரியருக்கு நன்றி, விடுதி கொடுத்த தோட்ட நிர்வாகத்துக்கு நன்றி. பிரதியை அவருக்கு அனுப்பவில்லை. எதைத் தேடுவார் என்று எனக்குத் தெரியும்.

நாலைந்து மாதம் கழித்து, என் அதிகாரி ஒரு தாளை ஆட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"இது என்னய்யா வேடிக்கை? கச்சால்ல ஒரு அம்மா டீச்சர் வேலைக்கு மனுப் போட்டிருக்காம். நம்ம ஆபீசுக்கு லத்தீன் எழுதிக் குடுத்ததா சொல்லுதாம். உண்மையான்னு கல்வி ஆபீஸ்லேர்ந்து கேட்டிருக்கான். நீதானே அங்க போனே, உனக்குத் தெரியுமா?"

அவர் கடுமையான மனிதர் இல்லை. "ஆமா சார், தெரியும்" என்று நான் சொல்லியிருந்தால், வியந்துவிட்டு, உடனே கையெழுத்துப் போட்டிருப்பார். அது எனக்கு அப்போதே தெரிந்தது. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பயத்தில் ஒன்றும் புரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

"லேபர் லைன்ல யாரோ இருந்தாங்க சார். நாற்று வேலை" என்றேன்.

"அப்ப ரெக்கார்டுல இல்லைன்னு ஒரு வரி போட்டு அனுப்பு."

ஒரு வரி தட்டச்சு செய்தேன். மேற்படி நபரைப் பற்றி இவ்வலுவலகப் பதிவேடுகளில் ஏதும் இல்லை. அது பொய்யில்லை. பதிவேட்டில் இல்லைதான். பதிவேட்டை எழுதியவன் நான். அதிகாரி படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருஷம் வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர். கொஞ்சம் லத்தீன் தெரிந்தவர். என் ஆய்வேட்டில் ஓரிடத்தில் விரலை வைத்துக்கொண்டு, அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னார்: "இங்கே பாருங்கள். பழம் காணப்படவில்லை என்று எழுதியிருக்கிறார். முப்பது வருஷமாக ஆய்வேடு பார்க்கிறேன். இளைஞர்கள் எல்லோரும் பார்க்காத பழத்துக்கு நிறமும் அளவும் எழுதிவிடுவார்கள். இந்த நேர்மை உங்களுக்கு எங்கேயிருந்து வந்தது?"

கைதட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பட்டம் கிடைத்து, மெயின்லாண்டில் ஒரு கல்லூரியில் வேலையும் கிடைத்தது. புறப்படுவதற்கு முன் அலுவலக வேலையாக ஒரு தடவை கச்சால் போக வேண்டியிருந்தது. போகாமல் தப்பிக்கப் பார்த்தேன், முடியவில்லை. இறங்கியதும் நேரே லயத்துக்கு நடந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். முன்பைவிட மெலிந்திருந்தார். கையில் நகங்களைச் சுற்றி மண் கறுப்பாக ஏறியிருந்தது. என்னைக் கண்டதும் உள்ளே குரல் கொடுத்தார். "இங்க யாரு வந்திருக்கிறது பாருங்க! நம்ம சாரு!" கணவர் இருமிக்கொண்டே வெளியே வந்து கும்பிட்டார். பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். டீச்சர் பால் இல்லாத ப்ளேன்டீ கொண்டுவந்தார்.

"டாக்டர் பட்டம் வந்துருச்சாமே! கப்பல்ல வந்த ஆபீஸ்காரர் ஒருத்தர் சொன்னாரு. சந்தோசங்க."

"உங்க மனு என்ன ஆச்சு டீச்சர்?"

"அது இல்லைன்னுட்டாங்க." ஏதோ மழை வரவில்லை என்பதுபோலச் சொன்னார். "மெயின்லாண்ட்லேர்ந்து ஒரு வாத்தியார் வந்தாரு. தீவு ஒத்துக்கலைன்னு வந்த கப்பல்லயே போயிட்டாரு. இப்பவும் ஆளில்ல. பிள்ளைங்க சாயங்காலத்துல இங்க வருதுங்க, நான் எழுத்துக் காட்டிக் குடுக்கிறேன். கூப்பிட்டா எல்லாம் வராதுங்க. நாலஞ்சு வரும்."

நான் வாயைத் திறந்தேன். "டீச்சர், அந்தக் காயிதம்..."

"அதத்தான் நான் உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன்" என்றார் அவர். "நீங்க மனசுல வச்சுக்க வேணாம். உங்க ஆபீஸ்லேர்ந்து, எங்க பேரே இல்லைன்னு பதில் வந்துச்சாம். அத என்கிட்ட காட்டினாங்க. கையெழுத்து உங்களது இல்லீங்க. நான் பாத்தேன். வேற யாரோ ஒருத்தரு எழுதியிருக்காரு. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க."

கணவர் தலையை ஆட்டினார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். டீச்சர் கண்ணில் சந்தேகம் இருந்ததா, அல்லது நான் உண்மையைச் சொல்லி ஏறி வருவதற்கு ஒரு கையை நீட்டினாரா, அல்லது உண்மையிலேயே அப்படி நம்பினாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுக்கி வைத்த வார்த்தைகள் எல்லாம் அங்கேயே இருந்தன. ஒன்றை எடுத்தால் போதும்.

"ஆமா டீச்சர்" என்றேன். "அது வேற ஒருத்தர். இப்ப மாத்தலாகிப் போயிட்டார்."

"போகட்டுங்க" என்றார். "பாவம், அவருக்கு நம்மளப் பத்தி என்ன தெரியும்?"

என் கோப்பை காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, எழுந்து போய்க் கேத்தலைக் கொண்டுவந்து, மறுபடி நிறைய ஊற்றினார். வாங்கிக் குடித்தேன்.